ஒரு கலவியலாளரின் கட்டுரைகளும் அவற்றின் கணக்கும்: யொஷினோரி ஓசுமியின் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கண்டுபிடிப்புக்களையும் அவற்றைக் கண்டோரையும் முதன்மைப்படுத்தியே பெரும்பாலும் எழுதியுள்ளனர். கண்டது எந்தச் சஞ்சிகையில், எத்தனை பக்கத்தில், யாருடைய பெயரை முன்னிறுத்தி அச்சாயிற்று, பின்வந்தோர் அதனை எப்போது எடுத்தாளத் தொடங்கினர் என்னும் வினாக்கள் அடிக்குறிப்புக்கு உரியனவாக ஒதுக்கப்பட்டன. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வடிக்குறிப்புக்களே எண்ணப்படும் பொருளாயின. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எத்தனை, அவை பிறர் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டப்பட்டன என்னும் இரு எண்களும் நியமனத்தையும் பதவியுயர்வையும் ஆய்வு நிதியையும் தீர்மானிக்கும் அளவுகோல்களாக உயர்ந்தன. இவ்வளவுகோல்கள் ஒருவரது ஆய்வு வாழ்வை எவ்வளவு தூரம் காட்டவல்லன என்பதை ஒரு தனி மனிதரின் கட்டுரைகளைக் கொண்டே சோதித்துப் பார்த்தல் பயனுடையது. 2016ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற யப்பானியக் கலவியலாளர் யொஷினோரி ஓசுமி இச்சோதனைக்கு மிகவும் பொருத்தமானவர். அவரது துறையில் உழைத்த வேறொருவரே மேற்கோட் கணக்கின் குறைபாட்டை உலகறியச் செய்தார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மேற்கோளைத் தொகுக்கும் வழக்கம் விஞ்ஞானத்திற் பிறந்ததன்று, சட்டத்திற் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1873 முதல் வெளிவந்த ஷெப்பேட்டின் மேற்கோட் சுட்டி, ஒரு வழக்கின் தீர்ப்புப் பின்னர் எந்தெந்த வழக்குகளில் ஏற்கப்பட்டது, எவற்றில் மறுக்கப்பட்டது என்பதைச் சட்டத்தரணிகளுக்கு அறிவித்தது. இம்முறையினால் ஈர்க்கப்பட்ட யூஜின் கார்பீல்ட், 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், விஞ்ஞானத்துக்கும் அத்தகையதொரு சுட்டி வேண்டுமென வாதிட்டார். ஓர் ஆய்வின் செல்வாக்கை அறிய விழையும் வரலாற்றாசிரியனுக்கு அது பயன்படும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. 1961ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகளை அடக்கி, ஐந்து தொகுதிகளாக, முதலாவது விஞ்ஞான மேற்கோட் சுட்டி 1963இல் வெளிவந்தது. 1975 முதல் சஞ்சிகைகளின் தாக்கக் காரணியும் ஆண்டுதோறும் அட்டவணையாக வரலாயிற்று. ஒரு சஞ்சிகையில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் இவ்வாண்டிற் பெற்ற மேற்கோள்களை அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்துப் பெறுவதே இக்காரணி.

சட்டத்திலிருந்து விஞ்ஞானத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது ஒன்று கைநழுவிப் போயிற்று. சட்டத்தரணியின் சுட்டி தீர்ப்பு ஏற்கப்பட்டதா தள்ளப்பட்டதா என்று குறித்தது. விஞ்ஞானியின் சுட்டி எண்ணியதேயன்றி ஏன் சுட்டப்பட்டது எனக் கூறவில்லை. புகழ்ந்து சுட்டினாலும் மறுத்துச் சுட்டினாலும் கருவியாகப் பயன்படுத்திச் சுட்டினாலும் எண் ஒன்றே. வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை எனக் கருதப்படுவது ஒலிவர் லவுறியும் அவரது துணையாளரும் 1951இல் வெளியிட்ட கட்டுரையாகும். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட முறை அது சுட்டப்பட்டுள்ளது. அது எந்தப் பெரும் உண்மையையும் அறிவித்ததன்று; ஒரு கரைசலில் உள்ள புரதத்தின் அளவை அறியும் முறையைக் கூறியது. ஆய்வுகூடத்திற் புரதத்தை அளந்தவரெல்லாம் அதனைச் சுட்டினர். இன்னொன்றும் உண்டு. அச்சிட்ட மேற்கோட் சுட்டியில் ஒரு கட்டுரை அதன் முதலாவது ஆசிரியரின் பெயரின் கீழ் மட்டுமே பட்டியலிடப்பட்டது. இச்சிறு விதி ஓசுமியின் வரலாற்றில் எத்தகைய விளைவைத் தருகிறது என்பது பின்னர் நோக்கப்படும்.

ஓசுமியின் பெயரோடு இணைந்துள்ள பொருள், ஒரு கலம் தன் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியைத் தானே மென்சவ்வினாற் சுற்றி எடுத்துச் சமித்துக்கொள்ளும் செயலாகும். பட்டினி நேர்கையில் கலம் இவ்வாறு தன்னையே சிறிது உண்டு உயிர் தாங்குகிறது; பட்டினி இல்லாதபோதும் பழுதுற்ற புன்னங்கங்களை இவ்வழியே அகற்றுகிறது. இதற்கு 'ஒட்டோபேஜி' என்னும் கிரேக்கப் பெயரை 1963இல் இலண்டனில் நிகழ்ந்த ஒரு கருத்தரங்கிற் சூட்டியவர் பெல்ஜிய உயிரிரசாயனவியலாளர் கிறிஸ்ரியன் டி டூவ். தமிழில் இதனைத் தன்னுண்ணல் எனலாம். கலத்தின் சமிபாட்டுப் பைகளான இலைசோசோம்களை 1955இல் கண்டறிந்தவரும் இவரே. அதற்காகவும் பிறவற்றுக்காகவும் 1974இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பெயர் சூட்டப்பட்டபின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தன்னுண்ணல் ஒரு சிறு வட்டத்தாரின் ஆய்வுப் பொருளாகவே இருந்தது. எலியின் ஈரற் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தும், ஓமோன்களைச் செலுத்தியும், புரதம் அழியும் வேகத்தை அளந்தும் அவர்கள் பல செய்திகளைச் சேர்த்தனர். ஆயினும் எந்தப் பரம்பரையலகுகள் இச்செயலை நடத்துகின்றன என்பது தெரிந்திலது. பரம்பரையலகு தெரியாதவிடத்து, அச்செயலை நிறுத்திப் பார்த்து அதன் பயனை அறியவும் வழியில்லை.

அவ்வட்டத்தில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரைச் சேர்ந்த பேர் செக்லென் என்பவரும் ஒருவர். 1982இல் அவரும் கோர்டன் என்பவரும், 3-மெதைலடினீன் என்னும் பொருள் ஈரற் கலங்களில் தன்னுண்ணலைத் தடுக்கிறது எனக் காட்டினர். அடுத்த பல ஆண்டுகளுக்கு இத்துறையின் முதன்மையான கருவிகளுள் ஒன்றாக அது விளங்கியது. செக்லெனின் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

ஓசுமி 1945இல் புக்குவோக்கா நகரிற் பிறந்தவர். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வாண்டே நியூ யோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் எடெல்மனின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். எடெல்மன் பிறபொருளெதிரிகளின் அமைப்புக்காக 1972இல் நோபல் பரிசு பெற்றவர். பெரியதோர் இடத்திற் சேர்ந்தும் ஓசுமிக்கு அக்காலம் எளிதாக அமையவில்லை. எலியின் முட்டைகளை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யும் முயற்சியில் முதலில் ஈடுபட்டார். பின்னர் அதனைக் கைவிட்டு, பாணைப் பொங்கச் செய்யும் மதுவத்தின் பக்கம் திரும்பினார். மதுவக் கலங்களை உடைத்து மையநீக்கியிற் சுழற்றிக் கருக்களைப் பிரித்தெடுக்க முயன்றபோது, குழாயின் மேற்பரப்பில் மெல்லியதொரு வெண்படை மிதந்தது. அது மதுவத்தின் புன்வெற்றிடங்களின் திரட்சி. தேடியது அடியில் இருக்க, வேண்டாததாய் மேலே மிதந்த அப்படையே அவரது வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று.

1977இல் நாடு திரும்பி யசுஹிரோ அன்ராகுவின் ஆய்வுகூடத்திற் சேர்ந்த ஓசுமி, புன்வெற்றிடத்தின் மென்சவ்வினூடாக அமினோவமிலங்கள் எவ்வாறு கடத்தப்படுகின்றன என ஆராய்ந்தார். புன்வெற்றிடம் அக்காலத்திற் கலத்தின் குப்பைத் தொட்டியாகவே பலராற் கருதப்பட்டது. ஆதலின் அதனை நாடியோர் சிலரே. பிறர் நாடாததனாலேயே தாம் அதனைத் தேர்ந்ததாக ஓசுமி பிற்காலத்திற் பன்முறை கூறியுள்ளார். போட்டியை விரும்பாத மனப்பாங்கு இன்றைய ஆய்வுலகில் ஒரு குறையாகக் கருதப்படலாம். இவரிடத்தில் அதுவே ஓர் ஆய்வு நெறியாயிற்று. 1981இல் அன்ராகுவோடு இணைந்து வெளியிட்ட கடத்தல் பற்றிய கட்டுரையில் ஓசுமியின் பெயரே முதலில் நிற்கிறது.

1988இல், தமது 43ஆவது வயதில், டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கொமாபா வளாகத்தில் ஓசுமிக்குச் சொந்தமாக ஒரு சிறு ஆய்வுகூடம் கிடைத்தது. அன்ராகுவின் கூடத்தில் நடந்த கடத்தல் ஆய்வைத் தொடராமல், புன்வெற்றிடத்தின் உள்ளே அழிவு நடக்கிறதா என்னும் புதிய வினாவை அவர் எடுத்துக்கொண்டார். மதுவக் கலம் மிகச் சிறியது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அதனுள்ளே தெளிவாகத் தெரிவது புன்வெற்றிடம் ஒன்றே. அங்கே ஏதேனும் சமிக்கப்படுமாயின், சமிக்கும் வேகத்தில் அது கண்ணுக்குப் புலனாகாமற் போய்விடும். ஆகவே புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் குறைபட்ட விகாரி மதுவங்களை அவர் எடுத்து, நைதரசன் இல்லாத ஊடகத்தில் இட்டுப் பட்டினி போட்டார். உண்ணவேண்டியது உள்ளே செல்லும். செரிப்பதற்கு நொதியம் இராது. எனவே அது தேங்கும் என்பதே எண்ணம். சில மணி நேரத்தில் புன்வெற்றிடங்கள் உருண்டைத் துணிக்கைகளால் நிறைந்தன. அவை ஓயாது அசைந்தாடிக்கொண்டிருந்தன. இதனைக் காண இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டியிருக்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் செய்முறைக் கூடத்திலும் உள்ள ஒளி நுணுக்குக்காட்டியே போதியதாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் யப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிசுசு பாபா இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அத்துணிக்கைகளை ஆராய்ந்தார். மென்சவ்வினாற் சுற்றப்பட்ட குழியவுருவின் துண்டங்களே அவை என்பது உறுதியாயிற்று. எலியின் ஈரலிற் கண்ட தன்னுண்ணல் மதுவத்திலும் உண்டு என்னும் இம்முடிவு 1992இல் 'ஜேர்னல் ஒவ் செல் பயோலொஜி' என்னும் சஞ்சிகையில் பதினொரு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. முதற்பெயர் தகெஷிகே என்னும் மாணவருடையது. ஓசுமியின் பெயர் இறுதியில் நிற்கிறது. 1988இற் கண்டது 1992இல் அச்சேறியது. இந்நான்கு ஆண்டுக் காலத்தை மட்டும் எடுத்து, தன்னுண்ணல் பற்றி இவர் என்ன வெளியிட்டார் என ஒரு தேர்வுக் குழு கேட்டிருப்பின், கிடைத்திருக்கக்கூடிய விடை மிக மெலிந்ததாகவே இருந்திருக்கும்.

அடுத்த படி இதனினும் அருமையானது. தன்னுண்ணல் நிகழாத விகாரிகளைத் தேடினால், அதனை நடத்தும் பரம்பரையலகுகள் அகப்படும். மிகி ட்சுகாடா என்னும் பட்டப்பின் மாணவி, விகாரமூட்டிய மதுவக் கலங்களைப் பட்டினியிலிட்டு, புன்வெற்றிடத்தில் துணிக்கை சேராத கலம் எது என ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். முதலாவது விகாரி அவ்வாறே அகப்பட்டது. அது பட்டினிக் காலத்தில் ஏனையவற்றைவிட விரைவில் இறந்துபோவது தெரியவந்ததும் தேடல் எளிதாயிற்று. பட்டினியில் முந்தி இறப்பவற்றை முதலில் வேறாக்கி, அவற்றை மட்டும் நுணுக்குக்காட்டியிற் சோதித்தனர். பதினைந்து பரம்பரையலகுகளுக்குரிய விகாரிகள் இவ்வாறு இனங்காணப்பட்டன. ட்சுகாடா, ஓசுமி என்னும் இரு பெயர்களோடு இம்முடிவு 1993இல் வெளிவந்தது. வெளிவந்த இடம் 'பெப்ஸ் லெற்றர்ஸ்'. ஐரோப்பிய உயிரிரசாயனச் சங்கங்களின் கூட்டமைப்பு 1968 முதல் வெளியிட்டுவரும் இச்சஞ்சிகை, சுருக்கமான ஆய்வறிக்கைகளை விரைந்து வெளியிடுவதற்கென அமைந்தது. தாக்கக் காரணியை நோக்கிச் சஞ்சிகை தெரிவோர் முதலில் நாடும் இடமன்று. கட்டுரையின் அளவு ஆறு பக்கம்.

இவ்வாறு பக்கத்தையும் சஞ்சிகையையும் கூறுவது வெறும் நூற்பட்டியற் செய்தியன்று. தாக்கக் காரணியின் கணக்கில் 1993இல் வெளியான ஒரு கட்டுரைக்கு 1994, 1995 ஆகிய இரண்டாண்டுகளே பொருட்படுவன. அவ்விரண்டாண்டிலும் ஓசுமியின் கூடம் செய்துகொண்டிருந்தது, அப்பதினைந்து பரம்பரையலகுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அவற்றின் ஒழுங்கை வாசிக்கும் மெதுவான வேலையாகும். ஜேர்மனியில் மைக்கல் தும் என்பவரின் குழு 1994இல் இத்தகைய விகாரிகளைத் தனியாகக் கண்டு, அதே 'பெப்ஸ் லெற்றர்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டது. அமெரிக்காவில் டானியல் கிளியொன்ஸ்கி, ஒரு நொதியம் புன்வெற்றிடத்தைச் சென்றடையும் பாதையை ஆராய்ந்து, வேறு வழியால் அதே பரம்பரையலகுகளை வந்தடைந்தார். இவர்களையன்றி இதனைக் கவனித்தோர் சிலரே. முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட பரம்பரையலகுகள் பற்றிய கட்டுரைகள் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் 'ஜீன்' சஞ்சிகையில் வந்தன. அப்பரம்பரையலகுகள் தரும் புரதங்கள் பெரும்பாலும் அறியப்பட்ட எப்புரதத்தையும் ஒத்திராமையால் அவை என்ன செய்கின்றன என ஊகிக்கவும் இயலவில்லை. ஓர் ஆய்வாளருக்கு இது சோர்வு தரும் கட்டம். எதனையும் ஒத்திராமையே அங்கு முற்றிலும் புதியதொரு பொறிமுறை இருந்தமைக்கு அடையாளம் என்பது பின்னரே புலனாயிற்று.

1996இல் ஓசுமி ஒக்கசாக்கி நகரிலுள்ள அடிப்படை உயிரியல் தேசிய நிறுவனத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். தமொட்சு யொஷிமோரி, மருத்துவப் பட்டதாரியான நொபோரு மிசுஷிமா ஆகியோர் அங்கு வந்து சேர்ந்தனர். அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. இரு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படும் முறை 1998இலும், ஒரு புரதம் மென்சவ்வின் இலிப்பிட்டோடு பிணைக்கப்படும் முறை 2000இலும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தன. 1998ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கிளியொன்ஸ்கியின் பெயரும் உண்டு. ஓசுமியின் துணைவியாரும் ஆய்வாளருமான மரிகோ ஓசுமியின் பெயரும் உண்டு. போட்டியாளராக எண்ணத்தக்கவர் இணையாசிரியராக நிற்பது மேற்கோட் கணக்கு எதிலும் வெளிப்படாத ஒரு வரலாற்றுச் செய்தி.

அதே 2000ஆம் ஆண்டில் கபெயா என்பவரின் பெயர் முதலாகவும் யொஷிமோரியின் பெயர் இறுதியாகவும் அமைந்த கட்டுரை ஒன்று 'எம்போ ஜேர்னல்' சஞ்சிகையில் வந்தது. மதுவப் புரதம் ஒன்றுக்கு இணையான பாலூட்டிப் புரதம் தன்னுண்ணற் பைகளின் மென்சவ்வில் ஒட்டியிருப்பதை அது காட்டியது. எல்சி3 எனப்படும் இப்புரதத்தை அடையாளமாகக் கொண்டு, எந்தப் பாலூட்டிக் கலத்திலும் தன்னுண்ணல் நிகழ்வதைக் காண இயன்றது. புற்றுநோய், நரம்புச் சிதைவு, தொற்று ஆகியவற்றை ஆராய்வோரெல்லாம் இக்கருவியைக் கையாண்டனர், கையாண்டோரெல்லாம் சுட்டினர். ஓசுமியின் பெயரைத் தாங்கிய கட்டுரைகளுள் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. லவுறியின் புரத அளவீட்டுக்கு நேர்ந்ததே இங்கும் சிறிய அளவில் நேர்ந்தது.

1999இல் பெத் லெவைன் குழுவினர் தன்னுண்ணலுக்கும் மார்புப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிய பின் மருத்துவ உலகமும் இத்துறையை நோக்கித் திரும்பியது. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறாக வழங்கிய பரம்பரையலகுப் பெயர்கள் 2003இல் ஒருமுகமாக்கப்பட்டன. 2005இல் 'ஒட்டோபேஜி' என்னும் பெயரிலேயே ஒரு சஞ்சிகை தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்களே இருந்த துறையில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வெளிவரலாயின. ஆய்வு முறைகளுக்கான வழிகாட்டியொன்றின் மூன்றாம் பதிப்பு 2016இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களின் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதைச் சுட்டும் ஒவ்வொரு மேற்கோளும் இரண்டாயிரம் பேரின் கணக்கிலும் தனித்தனியே ஒன்றாகச் சேரும். கணக்கு பிழையன்று, ஆனால் அது எதன் கணக்கு என்று கூறுதல் கடினம்.

இப்போது அச்சிட்ட சுட்டியின் விதிக்கு மீளலாம். அச்சுட்டியில் ஓசுமி என்னும் பெயரைத் தேடுவோர், 1981ஆம் ஆண்டின் கடத்தல் பற்றிய கட்டுரை போன்றவற்றைக் காண்பர். 1992ஆம் ஆண்டின் கட்டுரை தகெஷிகேயின் கீழும், 1993ஆம் ஆண்டினது ட்சுகாடாவின் கீழும், 'நேச்சர்' கட்டுரைகள் இரண்டும் மிசுஷிமா, இச்சிமுரா என்போரின் கீழும் நிற்கும். நோபல் பரிசுக்குக் காரணமான வேலை முழுவதும் ஓசுமியின் பெயரின் கீழ் இராது; அதற்கு முந்திய, பரிசோடு நேரே தொடர்பற்ற வேலை இருக்கும். மாணவரின் பெயரை முன்வைத்துத் தம் பெயரை இறுதியில் வைப்பது உயிரியல் ஆய்வுகூடத் தலைவர்களின் பொது வழக்கு. சுட்டியின் விதியும் துறையின் வழக்கும் எதிர்த்திசைகளில் இயங்கின. போதாக்குறைக்குப் பெயர் மயக்கமும் உண்டு. பாபா பணியாற்றிய கூடத்துக்குரிய இலத்திரன் நுணுக்குக்காட்டி வல்லுநர் மசாகோ ஓசுமி. இவர் யொஷினோரியின் உறவினர் என்ற காரணத்தால் அன்றி, யப்பானிய எழுத்தில் ஒரே குடும்பப் பெயரைக் கொண்டவர் என்ற காரணத்தால் இங்கு குறிக்கப்படுகிறார். அவரது பெயரை உரோம எழுத்தில் வேறு விதமாக எழுதுவர். மரிகோ, மசாகோ இருவரின் தலையெழுத்தும் ஒன்றே. இலத்திரனியற் சுட்டிகள் எல்லா ஆசிரியரின் பெயரையும் தேடித் தருவதால் முதற்பெயர்ச் சிக்கல் பெரிதும் நீங்கியது உண்மையே. பெயர் மயக்கம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறமான குறையும் உண்டு. தன்னுண்ணல் என்னும் பெயரையே சூட்டிய டி டூவின் 1963ஆம் ஆண்டு உரையை இன்று அச்சொல்லை ஆள்வோருட் சிலரே சுட்டுகின்றனர். ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவுடைமையான பின் அதன் மூலத்தைச் சுட்டுவார் குறைவர் என்பதைச் சமூகவியலாளர் ரொபேட் மேர்ற்றன் முன்னரே விளக்கியுள்ளார். புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கையும் அவர் 1968இல் எடுத்துக்காட்டினார். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கின், மேற்கோளின் தொகை ஒரு குறிப்பிட்ட எல்லைவரை வளர்ந்து, கருத்து முழுமையாக வென்ற பின் தேயவும் கூடும் என்பது புலப்படும்.

ஈண்டு செக்லென் மீண்டும் வருகிறார். ஈரற் கலங்களில் தன்னுண்ணலை ஆராய்ந்துகொண்டே, ஒரே சஞ்சிகையில் வெளியான கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். தகெஷிகேயின் கட்டுரை வெளியான அதே 1992இல் இதுபற்றி அவரது கட்டுரை ஒன்று வந்தது. 1997இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதியது பெரும் கவனத்தை ஈர்த்தது. ஒரு சஞ்சிகை பெறும் மேற்கோள்களிற் பாதியை அதன் கட்டுரைகளில் 15 வீதமானவையே ஈட்டுகின்றன. 90 வீதத்தை மேற்பாதிக் கட்டுரைகள் ஈட்டிவிடுகின்றன. எஞ்சிய பாதிக் கட்டுரைகளுக்கு 10 வீதமே எஞ்சுகிறது என அவர் காட்டினார். சராசரியைக் கொண்டு ஒரு தனிக் கட்டுரையை மதிப்பிடுதல், ஒரு கிராமத்தின் சராசரி வருமானத்தைக் கொண்டு அங்குள்ள ஒரு குடியானவனின் வருமானத்தைக் கூறுவது போன்றது. உயர்ந்த சஞ்சிகையில் வந்தமையால் ஒரு கட்டுரை உயர்ந்ததாகாது. 'பெப்ஸ் லெற்றர்ஸ்' போன்ற இடத்தில் வந்தமையாற் குறைந்ததுமாகாது. இதனை நிறுவியவர் தன்னுண்ணல் ஆய்வாளராக இருந்தமை தற்செயலாக இருக்கலாம். எனினும் நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்த ஒரு துறையில் உழைத்தவருக்கு இவ்வினா எழுந்தமை வியப்புக்குரியதன்று.

அவருக்குப் பின் எதிர்ப்பு தனி மனிதரோடு நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட 'ஜேர்னல் ஒவ் செல் பயோலொஜி' சஞ்சிகையே, 2007இல் எழுதிய ஆசிரியத் தலையங்கத்தில், தாக்கக் காரணிக்கு அடிப்படையான தரவுகளை விலைக்கு வாங்கிச் சரிபார்த்தும் வெளியிடப்பட்ட எண்களைப் பெற முடியவில்லை என்று அறிவித்தது. 2012 டிசெம்பரில் அமெரிக்கக் கலவியற் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது, அங்கு கூடிய ஆசிரியர்களும் வெளியீட்டாளரும் ஒரு பிரகடனத்தை உருவாக்கினர். அது 2013இல் வெளியிடப்பட்டது. ஒருவரை நியமிக்கவோ உயர்த்தவோ அவருக்கு நிதி வழங்கவோ சஞ்சிகையின் தாக்கக் காரணியை அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதே அதன் சாரம். விஞ்ஞானத்தின் எத்தனையோ கிளைகளுள் கலவியலாளரின் கூட்டத்திலேயே இது பிறந்தது என்பது நோக்கற்பாலது.

மேற்கோட் கணக்கு முற்றிலும் குருடானது எனக் கூறுவதும் நேர்மையாகாது. கார்பீல்டின் நிறுவனத்துக்கு வழிவந்த தொம்சன் ரொயிற்றர்ஸ், மேற்கோள்களை அடிப்படையாக வைத்து நோபல் பரிசுக்குத் தகுதியுடையோரை ஆண்டுதோறும் அறிவித்து வந்தது. 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் மருத்துவத்துக்கு ஓசுமி, மிசுஷிமா, கிளியொன்ஸ்கி ஆகிய மூவரின் பெயர்களும் இருந்தன. கணக்கு ஓசுமியைக் கண்டுகொண்டது. ஆயின் கண்டுகொண்டது ட்சுகாடாவின் கட்டுரை வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பின். அதற்கு முந்திய ஆண்டே அவர் கியோத்தோப் பரிசைப் பெற்றிருந்தார். நிதியும் பதவியும் ஒருவருக்குத் தேவைப்படுவது விளைச்சலுக்குப் பின்னரன்று, விதைக்கும் காலத்திலே. 1988இலும் 1993இலும் ஓசுமியைத் தாங்கியவை எண்கள் அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு அறையும், சில மாணவரும், விளைவை உடனே கேட்காத ஓர் ஏற்பாடுமே. தமது பரிசு அறிவிக்கப்பட்ட நாள் முதல் ஓசுமி வற்புறுத்தி வந்ததும் இதுவே. சில ஆண்டுகளுக்குள் பயன் தரவேண்டும் என விஞ்ஞானத்திடம் கேட்கும் சமூகத்தைப் பற்றி அவர் கவலை தெரிவித்தார். பரிசுப் பணத்தின் துணையோடு 2017இல் அடிப்படை ஆய்வுக்கென ஒரு நிதியத்தையும் நிறுவினார்.

2016 ஒக்ரோபர் 3ஆம் திகதி நோபல் குழு பரிசை அறிவித்தபோது, முதன்மையானவை என நான்கு கட்டுரைகளை எடுத்துக்கூறியது. பல ஆயிரம் முறை சுட்டப்பட்ட எல்சி3 பற்றிய கட்டுரை அவற்றுள் இல்லை. 1992ஆம் ஆண்டினது பதினொரு பக்கம். 1998ஆம் ஆண்டினது நான்கு. 2000ஆம் ஆண்டினது ஐந்து. 'பெப்ஸ் லெற்றர்ஸ்' சஞ்சிகையில் வந்தது ஆறு. நான்கும் சேர்ந்து இருபத்தாறு பக்கங்கள். நான்கிலும் ஓசுமியின் பெயர் கடைசியில் இருக்கிறது.